தொட்டால் குறி தவறும்

காப்பு என்றால் நமக்குக் குழந்தையின் கையில் போடும் வெள்ளி வளையம் நினைவுக்கு வரும். துப்பாக்கிக்கும் ஒரு காப்பு உண்டு. சுடச்சுடக் குழல் கொதிக்கும். முன்னால் தாங்கிப் பிடிக்கும் கை அந்தச் சூட்டில் படாமல் இருக்க, குழலைச் சுற்றி ஓர் உறை போட்டிருப்பார்கள். ஆங்கிலப் பெயர் ஹேண்ட்கார்ட். நான் கைக்காப்பு என்றே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டே படிக்கும் இதழில் துப்பாக்கி உறைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சென்ற ஆண்டு இறுதியில் அக்கா குடும்பத்தைப் பார்க்க அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகருக்குப் போயிருந்தேன். அங்கே இருந்த பத்து நாளில் பாதி நாள் இரவுச் சாப்பாட்டு மேசையில் இந்த உறைதான் பேச்சு. அத்தான் தம் துப்பாக்கிக்குப் புதிய கைக்காப்பு ஒன்று வாங்க விரும்பினார். அக்காவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. ஒரு சின்ன உதிரிப் பாகத்தைத் தேர்ந்தெடுப்பதற்குள் ஒரு குடும்பம் எதையெல்லாம் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது என்பதை அந்த மேசையில்தான் பார்த்தேன்.

அத்தான் சிங்கப்பூரில் வளர்ந்தவர். தேசிய சேவையின்போது குறிபார்த்துச் சுடுவதில் பட்டை வாங்கியவர். எண்ணெய்த் துறை வேலைக்காக டெக்சஸ் மாநிலத்தில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மாதம் இரண்டு சனிக்கிழமை சுடுதளத்துக்குப் போய், 100 கெஜம், 200 கெஜம் தொலைவில் காகித இலக்கைச் சுடுவது அவருடைய பொழுதுபோக்கு. நம்மூரில் சிலர் மீன்பிடிக்கப் போவதுபோல அவருக்கு இது.

எம்16 தலைமுறையும் சார்-21 தலைமுறையும்

அவர் வைத்திருப்பது ஏஆர்-15 வகை. 'ஏஆர்' என்பது ஆர்மலைட் என்ற நிறுவனப் பெயரிலிருந்து வந்தது. யூஜின் ஸ்டோனர் என்ற பொறியாளர் 1950களில் அங்கே வடிவமைத்தார். 1959ல் கோல்ட் நிறுவனம் அதன் உரிமையை வாங்கியது. இராணுவத்துக்குப் போனது எம்16 ஆனது. பொதுமக்களுக்கு விற்கப்படுவது பாதித் தானியங்கி. விசையை ஒரு முறை இழுத்தால் ஒரே ஒரு தோட்டாதான் போகும். அடுத்த தோட்டா தானாக ஏறி நிற்கும்.

இந்தக் குடும்பத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்குத் தெரியும். சிங்கப்பூரில் 1967ல் தொடங்கப்பட்ட சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம், பிறகு கோல்ட்டின் உரிமத்தோடு எம்16எஸ்1 துப்பாக்கியை இங்கேயே தயாரித்தது. என் அப்பாவும் அத்தானும் தூக்கி ஓடியது அதைத்தான். முக்கோண வடிவில், இரண்டு பாதியாகக் குழலைக் கவ்விப் பிடிக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் கைக்காப்பு அதில் இருக்கும். என் வயதுக்காரர்களுக்கு 1999ல் அறிமுகமான சார்-21தான். தோட்டாப் பெட்டி விசைக்குப் பின்னால் இருக்கும் குட்டையான துப்பாக்கி அது. நீளமான கைக்காப்புக்கு அதில் இடமே இல்லை. எதை மாற்றலாம், எதைப் பூட்டலாம் என்ற கேள்வியும் நமக்கு எழுந்ததில்லை. கொடுத்ததைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஆர்ம்ஸ்கோட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. ஏஆர்-15இல் 'லோயர் ரிசீவர்' எனப்படும் கீழ் உடல் பகுதிதான் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி. வரிசை எண் பொறித்திருப்பது அதில்தான். கைக்காப்பு வெறும் உதிரிப் பாகம். கடையில் காசு கொடுத்து எடுத்து வரலாம். அஞ்சலில் வீட்டுக்கே வரும். 100 டாலருக்குள்ளும் கிடைக்கும், 300 டாலரைத் தாண்டியும் போகும். நூற்றுக்கணக்கில் வகைகள் இருப்பதால்தான் தேர்ந்தெடுப்பது தலைவலி.

மணியின் விளிம்பில் ஒரு விரல்

அத்தான் விரும்பியது 'ஃப்ரீ ஃப்ளோட்' வகை. அதாவது, குழலைத் தொடாமல் மிதக்கும் கைக்காப்பு.

வெண்கல மணியை அடித்துவிட்டு அதன் விளிம்பில் ஒரு விரலை வைத்துப் பாருங்கள். ஓசை மாறிவிடும். அழுத்தி வைத்தால் ஒரு மாதிரி, இலேசாக வைத்தால் வேறு மாதிரி. துப்பாக்கிக் குழலும் அப்படித்தான். நம் கண்ணுக்கு அது அசையாத எஃகுத் தடி. தோட்டா உள்ளே பாயும் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியில் அது மணிபோல அதிர்கிறது. அதிர்வதால் தொல்லையில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால், தோட்டாக்கள் ஒரே இடத்தை நாடிப் போகும். நடுவில் யாராவது விரல் வைத்தால்தான் தொல்லை.

பழைய கைக்காப்பு அந்த விரல். அதன் பின் முனை, துப்பாக்கியின் உடலை ஒட்டிய வளையத்தில் நிற்கும். முன் முனை, குழலின் மேலேயே உள்ள ஒரு மூடியில் செருகியிருக்கும். ஆகவே கைக்காப்பை நீங்கள் எப்படி அழுத்தினாலும் அந்த அழுத்தம் முன் முனை வழியாகக் குழலுக்குப் போய்ச் சேரும். தோள்வாரைக் கையில் சுற்றி இறுக்கினால் குழல் இழுபடும். இருகால் தாங்கியை மேசையில் ஊன்றி முன்னால் தள்ளினால் குழல் மேல்நோக்கி உந்தப்படும். மயிரிழை அளவுதான். ஆனால் 100 கெஜத் தொலைவில் ஓர் அங்குலம் விலகுவதற்கு, ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம் திரும்பினாலே போதும்.

மிதக்கும் கைக்காப்பில் முன் முனை எதையும் தொடாது. பின்னால், குழலை உடலோடு பிணைக்கும் மறை இருக்கும் இடத்தில் மட்டும் பிடித்திருக்கும். கை, வார், தாங்கி எல்லாம் கைக்காப்பை அழுத்தும். குழல் தன்பாட்டில் இருக்கும். வானொலி நிலையத்தில் எங்கள் ஒலிவாங்கியை வளையத்துக்குள் மீள்பட்டையால் கட்டித் தொங்கவிட்டிருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். மேசையில் நான் கையை வைத்தால் அந்த அதிர்வு உங்கள் காதுக்கு வரக்கூடாது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஒஹையோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரியில் 1907 முதல் தேசியத் துப்பாக்கிப் போட்டிகள் நடக்கின்றன. இராணுவத் துப்பாக்கி வகைப் போட்டியில் 200, 300, 600 கெஜத்தில் சுடுவார்கள். வாரை இறுக்கிச் சுடும் அந்த வீரர்கள், வெளியே பார்க்கச் சாதாரணக் கைக்காப்பாகத் தோன்றும்படி, உள்ளே குழலைத் தொடாத ஓர் உலோகக் குழாயைப் பொருத்திக்கொள்ள விதிகளே இடம் கொடுத்தன. அங்கிருந்துதான் பொதுமக்களின் கடைத்தெருவுக்கு இந்த எண்ணம் பரவியது.

சுடுதளத்தில் ஒரு காகிதம்

சனிக்கிழமை அத்தான் என்னையும் அழைத்துப் போனார். காதடைப்பு, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். முதலில் மணல் மூட்டையில் மெதுவாகத் தாங்க வைத்து ஐந்து சுட்டார். பிறகு அதே மேசையில் தோள்வாரை முழங்கைக்கு மேல் சுற்றி இறுக்கிக்கொண்டு ஐந்து. தூரம், தோட்டா, ஆள் எதுவும் மாறவில்லை.

காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு கூட்டம் ஓட்டைகள். ஒவ்வொரு கூட்டமும் நெருக்கமாகத்தான் இருந்தது. ஆனால் வாரை இறுக்கிச் சுட்ட ஐந்தும் கீழே, இடப்பக்கமாகக் குடிபெயர்ந்திருந்தன. தொலைநோக்கி துப்பாக்கியின் உடலில் இருக்கிறது, அது நகரவில்லை. வார் குழலை மட்டும் இழுத்திருக்கிறது.

"பார்த்தியா மச்சான்? என் கை நடுங்கல. துப்பாக்கி வளையுது," என்றார். அவர் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டிருக்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு கூட்டமும் ஏற்கெனவே நெருக்கமாகவே இருந்தது. மிதக்கும் கைக்காப்பு சுமாரான குழலை நல்ல குழலாக்காது. மலிவான தோட்டாவைத் துல்லியமானதாக்காது. விசையை வெடுக்கென்று இழுக்கும் விரலையும் திருத்தாது. எப்படிப் பிடித்தாலும் கூட்டம் இடம் மாறாமல் இருக்க உதவும். அவ்வளவுதான். மணல் மூட்டையில் மட்டும் வைத்து மெதுவாகச் சுடுபவருக்கு அதனால் பெரிய மாற்றம் தெரியாது. வாரும் தாங்கியும் பயன்படுத்துபவருக்குத் தெரியும். ஆகவே முதல் கேள்வி, நான் எப்படிச் சுடுகிறேன் என்பதுதான். எந்த நிறுவனம், என்ன விலை என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

தேர்வில் இருந்த சிக்கல்கள்

நீளம் முதல் சிக்கல். அத்தானின் குழல் 16 அங்குலம். அதில் இருந்த பிளாஸ்டிக் கைக்காப்பு 7 அங்குலம். அதற்கு முன்னால், குழலின்மேல் கோபுரம்போல முன் குறிமுள் நிற்கிறது. அது வெறும் குறிமுள் இல்லை. தோட்டாவைத் தள்ளும் வாயுவில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பி, அடுத்த தோட்டாவை ஏற்றவைக்கும் பகுதியும் அதன் அடியில்தான் இருக்கிறது. 13, 15 அங்குலத்தில் நீளமான கைக்காப்பு வேண்டுமானால் அந்தக் கோபுரத்தை எடுத்துவிட்டு, உறைக்குள் அடங்கும் தாழ்வான வாயுக் கட்டையைப் பொருத்த வேண்டும். வேண்டாமென்றால் 7 அங்குலத்திலேயே மிதக்கும் வகை வாங்கலாம். கைக்கு இடம் குறைவு, செலவும் குறைவு.

எடை இரண்டாவது. பெரும்பாலானவை அலுமினியம். நீளம் கூடக்கூட முன்பக்கம் கனக்கும். மேசையில் வைத்துச் சுடும்போது கனம் நல்லது. நின்றபடி சுட்டால் பத்தாவது முறை கை சொல்லிவிடும். கார்பன் இழையில் செய்தவை இலேசாக இருக்கும், விலை கூடும்.

சூடு மூன்றாவது. பழைய பிளாஸ்டிக்கை நாம் கேலி செய்தாலும், அதன் உட்புறத்தில் ஓர் அலுமினியத் தகடு இருக்கும். சூட்டை அது நன்றாகவே தடுக்கும். புதிய அலுமினிய உறையில் காற்று போக ஓட்டைகள் உண்டு. ஆனால் தொடர்ந்து சுட்டால் உலோகம் கையைச் சுடும். வேகமாகச் சுடுபவர்கள் கையுறை போடுவது அதனால்தான்.

நான்காவது, எதையாவது பொருத்தும் வழி. 1995ல் அமெரிக்க இராணுவம் தரப்படுத்திய பிக்காட்டினி தண்டவாளத்தை நான்கு பக்கமும் கொண்ட கைக்காப்புகள் ஒரு காலத்தில் எல்லார் கையிலும் இருந்தன. பிடித்தால் தேங்காய்த் துருவியைப் பிடித்ததுபோல் இருக்கும். பிறகு தேவையான இடத்தில் மட்டும் பொருத்திக்கொள்ளும் துளை முறைகள் வந்தன. 2012ல் கீமோட், 2014ல் மேக்புல் நிறுவனத்தின் எம்-லாக். 2017ல் வெளியான அமெரிக்கக் கடற்படைக் கிரேன் மையத்தின் சோதனை முடிவுகளில் எம்-லாக் முன்னால் நின்றது. கழற்றி மாட்டினால் குறி மாறாமல் இருப்பதிலும், சுமை தாங்குவதிலும் அதுவே மேல். அதன் பிறகு கீமோட் மங்கிவிட்டது. இன்று புதிதாக வாங்குபவர் எம்-லாக் பக்கம் போனால் உதிரிப் பாகத்துக்கு அலைய வேண்டாம்.

ஐந்தாவதைக் கடைக்காரர்தான் எங்களுக்குச் சொன்னார். மிதக்கும் கைக்காப்பு குழலைத் தொடாததால், கைக்காப்பின் நுனியில் வைக்கும் எதுவும் குழலோடு சேர்ந்து அசையாது. முன் குறிமுள்ளையோ லேசர் விளக்கையோ அங்கே வைத்தால், கைக்காப்பு அழுந்தும்போது அது ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம். தொலைநோக்கியைத் துப்பாக்கியின் உடலில் வைப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. அதோடு, கைக்காப்பு பக்கவாட்டில் சுழலாமல் தடுக்கும் பற்கள் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னார். மலிவான சிலவற்றில் திருகு தளர்ந்து கைக்காப்பே திரும்பிவிடுமாம்.

கடைசியாக, பொருத்தும் வேலை. குழலைப் பிணைக்கும் மறையையே கழற்றி, புதியதை மாட்டி, அளவான முறுக்கில் இறுக்க வேண்டும். அமெரிக்க இராணுவக் கையேடு 30 முதல் 80 அடி-பவுண்டு என்கிறது. சரியான கருவியும் பிடிமானமும் இல்லாமல் சமையலறை மேசையில் செய்கிற வேலை இல்லை. துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் கூலி தனி.

அக்காவின் கணக்கு

இதையெல்லாம் அத்தான் ஒரு தாளில் எழுதிக் கூட்டினார். கைக்காப்பு, வாயுக் கட்டை, கூலி எல்லாம் சேர்த்து முந்நூற்று ஐம்பது டாலரை ஒட்டி வந்தது. அக்கா அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு ஒரு நல்ல இரும்புப் பெட்டி வரும்," என்றார்.

துப்பாக்கி அதுவரை படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில், துணிப் பையில் இருந்தது. கம்பிப் பூட்டு போட்டிருந்தது. சாவி, அதே அறையில் மேசை இழுப்பறையில். வீட்டில் 12 வயதுப் பையன், 8 வயதுப் பெண். இழுப்பறையில் என்னென்ன இருக்கிறது என்று எந்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாது?

நம் தேசிய சேவையில் சுடுதளத்தை விட்டுக் கிளம்பும்முன் ஒவ்வொருவரும் அதிகாரிமுன் நின்று, தோட்டாவோ வெற்று உறையோ என்னிடம் எதுவும் இல்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும். பொறுக்கிய வெற்று உறைகளை எண்ணிச் சரிபார்ப்பார்கள். ஒன்று குறைந்தால் புல்லில் தவழ்ந்து தேட வேண்டியதுதான். அன்று அதைச் சலிப்போடு செய்தோம். வீட்டுக்குள் துப்பாக்கி இருக்கும் ஓர் ஊரில் நின்று பார்க்கும்போது, அந்தச் சலிப்பூட்டும் வழக்கத்தை இங்கே ஒவ்வொரு வீடும் தானாகவே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது உறைத்தது.

டெக்சஸ் சட்டமும் அதைக் கொஞ்சம் சொல்கிறது. சுடத் தயாரான நிலையில் உள்ள துப்பாக்கியை, பாதுகாக்காமல் அலட்சியமாக விட்டு, 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கைக்குப் போகவிட்டால் அது குற்றம். ஆனால் சட்டம் வருவது பெரும்பாலும் நடந்த பிறகு. அக்கா பேசியது நடக்கும்முன் இருக்கும் நேரத்தைப் பற்றி.

அன்றிரவு என் மருமகள் தன் பள்ளியில் நடக்கும் பயிற்சியைப் பற்றி வெகு சாதாரணமாகச் சொன்னாள். "விளக்கை அணைச்சுட்டு மூலையில உட்காரணும் மாமா. இருமல் வந்தாலும் இருமக்கூடாது." நமக்குப் பள்ளியில் தீயணைப்புப் பயிற்சி தெரியும். இது துப்பாக்கியோடு வரும் ஆளுக்கான பயிற்சி. ஹியூஸ்டனிலிருந்து காரில் நான்கைந்து மணி நேரத் தொலைவில் உள்ள உவால்டி என்ற ஊரில், 2022 மே 24ஆம் தேதி, ஒரு தொடக்கப்பள்ளியில் 19 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவன் கையில் இருந்ததும் ஏஆர்-15 வகைதான்.

மேசையில் யாரும் சிறிது நேரம் பேசவில்லை. அத்தானின் சனிக்கிழமைப் பொழுதுபோக்கும் அந்தச் சம்பவமும் ஒன்றல்ல. அக்காவும் அப்படிச் சொல்லவில்லை. "உங்க மேல சந்தேகம் இல்லைங்க. அந்த இழுப்பறை மேலதான் சந்தேகம்," என்று மட்டும் சொன்னார். அத்தான் தாளைத் திருப்பி எடுத்து, பட்டியலின் மேலே இடம் இல்லாததால் ஓரத்தில் 'பெட்டி' என்று எழுதி 1 என்று எண் போட்டார்.

என்ன வாங்கினார்கள்

மறுநாள் இருவரும் போய், சுவரில் திருகாணி போட்டுப் பொருத்தும் எண்பூட்டு இரும்புப் பெட்டி வாங்கி வந்தார்கள். தோட்டாக்களுக்குத் தனியாக ஒரு சிறு பெட்டி, வேறு அறையில். எண்ணை அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவு. நானும் கேட்கவில்லை.

கைக்காப்பு இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது. 13 அங்குலம், எம்-லாக், சுழலாமல் தடுக்கும் பற்களோடு, நடுத்தர விலையில் ஒன்று. 15 அங்குலத்தின்மேல் அத்தானுக்கு ஆசை இருந்தது. நின்று சுடும்போது கனக்கும் என்று விட்டுவிட்டார். நான்கு பக்கத் தண்டவாளம் வேண்டாம். அவர் மாட்டப்போவது ஒரு வாரும் ஓர் இருகால் தாங்கியும்தான். மாற்றும் வேலையைப் பழுதுபார்ப்பவரிடமே கொடுத்தார்.

பொருத்திய பிறகு எடுத்த காகிதத்தின் படத்தை எனக்கு அனுப்பினார். மூட்டையில் ஐந்து, வாரோடு ஐந்து. இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று. கூட்டத்தின் அகலம் முன்புபோலவேதான் இருந்தது. அதைச் சுருக்க இனி அவருடைய விரலும் மூச்சும்தான் பழக வேண்டும்.

அதே நாளில் அக்காவும் ஒரு படம் அனுப்பியிருந்தார். பழைய மேசை இழுப்பறை திறந்திருக்கிறது. உள்ளே என் மருமகளின் வண்ணப் பென்சில்களும், பாதி தின்ற ஒரு மிட்டாய்ப் பொட்டலமும்.